மூன்று சுற்றும் சுத்தமான தண்ணீர்

போன மாதம் நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். அனுபவத்தைச் சொல்லச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்க விரும்புவதில்லை. இருந்தாலும் போனேன். சுவரில் ஒரு படம் காட்டினார்கள். வானத்திலிருந்து எடுத்தது. நுவரெலியாவிலிருந்து அட்டன் வரை மலைமலையாக, பச்சையில் பத்துப் பதினைந்து தினுசு. எந்தப் பிரதேசம் நிலைபேறாக வளர்கிறது, பசுமைப் பொருளாதாரம் எங்கே வேர் பிடித்திருக்கிறது என்பதையெல்லாம் அந்தப் பச்சையே சொல்லிவிடுமாம். கடும்பச்சை என்றால் நல்ல ஊர். வெளிர்பச்சை என்றால் இன்னும் திருந்த வேண்டிய ஊர்.

அவ்வளவு பச்சையையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொண்டே என் அரை மணி நேரத்தைப் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "சேர், உங்க காலத்துல எப்பவாச்சும் கணக்கு தப்பாப் போயிருக்கா?" என்று கேட்டாள். "எல்லாருக்கும் போகும்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நானுஓயா வரும் வரை பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சந்தேகப் பிராணி. என் மனைவி ஸ்டெல்லா சொல்வாள், அந்தோனியாரே நேரில் வந்து நின்றாலும் இந்த மனுசன் அடையாள அட்டை கேட்பார் என்று. அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில் பிறந்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளியவர். படித்து, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலையில் தொடங்கி, சரிவுகளில் ஆணி அடித்து மண் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளப்பது, ஓடையில் போத்தல் முக்குவது, மரம் எண்ணுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வேலையைக் கற்றுத் தந்தவர்கள் பலர். சந்தேகம் மட்டும் என் சொந்தச் சரக்கு.

எங்கள் வேலைக்குப் பெயர் பிராந்திய நிலைபேறான அபிவிருத்திச் சுட்டெண். ஒரு மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு நான் தேத்தண்ணி வாங்கித் தருவேன். காடு, மண், தண்ணீர், விறகு, குப்பை, பள்ளிக்கூடம், சுகாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிகாட்டி. ஒவ்வொரு குறிகாட்டிக்கும் புள்ளி. எல்லாம் சேர்த்து தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும், அதாவது டிவிசனுக்கும், ஓர் எண். வருடத்துக்கு ஒரு சுற்று. தொடக்கத்திலிருந்தே அந்த எண் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. காரணம் எளிது. லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரே ஒரு மின்குமிழ்தான் எரிகிறது என்றால் அந்த வீட்டுக்குப் புள்ளி கூடும், ஏனென்றால் மின்சாரம் மிச்சம். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய குச்சியில் சமைத்தால் புள்ளி கூடும், ஏனென்றால் அது மறுபடி வளரும் எரிபொருள். அதே குச்சியின் புகையில் அந்த வீட்டுக்காரி இருமுவதற்கு எங்கள் தாளில் கட்டம் கிடையாது. வண்டி வாங்க வழியில்லாதவன் புகை விடாதவன். எறிவதற்கு ஒன்றுமில்லாதவன் குப்பை போடாதவன். இப்படிப் பார்த்தால் ஏழையாக இருப்பதுதான் இருப்பதிலேயே பசுமையான தொழில். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவர்தான் எங்கள் மேலதிகாரி புவனேஸ்வரி மிஸ். யாழ்ப்பாணத்தவர். இந்தக் குளிருக்கு இருபது வருடமாகியும் பழகாமல், சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும், மேசையில் சுடுதண்ணீர்ப் போத்தலுமாக இருப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். முன்பக்கம் எழுதும்போது ஆள் கவனமாக இருப்பான், பின்பக்கம் வரும்போதுதான் களைப்பில் பொய் சொல்வான் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போடும் அடிமட்டத்தை வைப்பார். சந்தேகம் வந்தால் அடிமட்டம் நகராது. நாங்கள் எதிரே நின்று அது எப்போது நகரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. எங்கள் எல்லாருக்கும் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் தரப்பட்டது. அதிகாரி தன் கண்ணால் கண்டதைச் சிவப்பில் குறிக்க வேண்டும். பிறர் சொல்லிக் கேட்டதை நீலத்தில் குறிக்க வேண்டும். நீலம் குற்றமில்லை. நீலத்தைச் சிவப்பில் எழுதுவதுதான் குற்றம்.

"அந்தோனி, இதை நீர் கண்டனீரோ, கேட்டனீரோ?"

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பார். முதல் சில வருடங்களுக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தோனி சிவப்பில் எழுதினால் அது சிவப்புத்தான் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சே இருந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

தண்ணீருக்குச் சட்டம் இன்னும் கடுமை. மக்கள் அன்றாடம் குடிக்கும் இடத்துக்கு அதிகாரியே போக வேண்டும். கையைக் கழுவ வேண்டும். போத்தலைத் தன் கையாலேயே தண்ணீர் விழும் இடத்தில் பிடிக்க வேண்டும். மூடியின் உட்பக்கத்தில் விரல் படக்கூடாது. கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூடி, இடத்தையும் நேரத்தையும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே நுவரெலியாவில் ஆய்வுகூடத்தில் கொடுத்துவிட வேண்டும். மலக் கிருமியும் தேயிலைக்கு அடிக்கும் மருந்தும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

என் சந்தேகம் பலித்த கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் என்னைக் கெடுத்தது. அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் மரக்கன்று எண்ணப் போனேன். ஒரு டிவிசனில் வரிசையாக நட்டிருந்தார்கள், பார்க்க அழகு. எனக்கு அழகு என்றாலே ஆகாது. யாரும் பார்க்காதபோது நான்கைந்து கன்றுகளின் தண்டில் நகத்தால் சின்னதாகக் கீறி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அடுத்த டிவிசனுக்குப் போனால் என் நகக்குறியோடு கன்றுகள் எனக்கு முன்னால் வந்து நிற்கின்றன. பையோடு பிடுங்கி லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து மறுபடி குழிக்குள் வைத்திருக்கிறார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கைக் கூப்பிட்டுக் கீறலைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அன்று முதல் ஏமாற்று என்றால் அது மேலேயிருந்துதான் வரும், பங்களாவிலிருந்தும் ஆபீசிலிருந்தும்தான் வரும் என்று என் மனதில் பதிந்துவிட்டது.

டயகமவுக்கு மேலே ஒரு தோட்டம். அதன் உச்சிப் பிரிவை மேற்கணக்கு என்பார்கள். ஆறு லயம், ஒரு மாரியம்மன் கோயில், மேலே காட்டு எல்லை. முதல் சுற்றில் நான் போனபோது மழை விட்ட நேரம். அந்த வருடம்தான் சரிவில் விழுந்து முழங்காலை முறுக்கியிருந்தேன். கடைசி லயத்தில் செல்வராணி என்ற பெண்ணின் காம்பரா வாசலில் நாற்காலி போட்டார்கள். கொழுந்து பறிக்கிறவர், நாற்பது வயதிருக்கும். பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி என்பதால் அதிகாரிகள் வந்தால் அவர் வீட்டில்தான் உட்காருவார்கள். வீட்டைப் பற்றிய கேள்விகளை முடித்துவிட்டு, "குடிக்கிற தண்ணி எங்கம்மா எடுக்குறீங்க?" என்றேன்.

"பீலியில தாங்க சேர். அந்தா, கீழ."

கையைக் காட்டினார். கீழே பள்ளத்தில் தகரப் பீலியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. இறங்கும் வழி முழுக்கச் சேறு. நான் போத்தலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முழங்கால் சுண்டியது.

"எங்கங்க போறீங்க இந்தக் காலோட? வழுக்கி விழுந்தா எங்களுக்குத்தான் பாவம். உக்காருங்க. தேத்தண்ணி குடிங்க, நான் கொண்டாறேன்."

போத்தலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விளக்கிச் சொல்லித்தான் கொடுத்தேன். அவரும் கவனமாகக் கேட்டார். இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி வந்தது. குடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். செல்வராணி மூச்சு வாங்க வந்து போத்தலைக் கொடுத்தார். நான் ஐஸ் பெட்டியில் வைத்தேன். தாளில் தண்ணீர் என்ற கட்டத்துக்கு வந்ததும், பென்சிலின் சிவப்பு முனையைத் திருப்பி, குறித்தேன். பீலியின் சத்தம் காதில் விழுந்ததே, அது கண்டது மாதிரித்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

ஆய்வுகூட முடிவு சுத்தம் என்று வந்தது. அடுத்த வருடமும் அதே நாற்காலி, அதே தேத்தண்ணி, அதே சிவப்பு. மூன்றாம் வருடமும் அப்படியே. மூன்றாம் சுற்றில் பிரதேசத்திலேயே முதலாவது மேற்கணக்கு. தோட்டத்தை நடத்தும் தொரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். இந்த எண்ணைக் காட்டித்தான் வெளிநாட்டில் தங்கள் தேயிலைக்குப் பசுமைப் பெயர் கேட்கப்போகிறார்களாம். டிவிசன் வாசலில் பச்சைப் பலகை வைத்தார்கள். பெண்கள் சங்கத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். செல்வராணி அதை மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் தாள்களை வைத்து இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர்ப் புள்ளி குறைந்த டிவிசன்களுக்குத் தண்ணீர்த் தாங்கியும் வடிகட்டியும் குழாயும் போடும் திட்டம். எந்த டிவிசனுக்கு என்ற பட்டியல் எங்கள் சிவப்புக் குறிகளிலிருந்துதான் எடுக்கப்பட்டது. முதலாம் இடத்துக்கு யார் தாங்கி கட்டுவார்கள்? மேற்கணக்கு அதில் இல்லை. மாதக் கடைசியில் பட்டியல் மூடப்பட இருந்தது.

அப்போதுதான் மருத்துவிச்சி ஜெயா என்னை அக்கரப்பத்தனை பஸ் தரிப்பிடத்தில் பிடித்துக்கொண்டார். மேற்கணக்கும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. கையில் குடை, தோளில் பை, பையிலிருந்து நீளமான பதிவுப் புத்தகம்.

"அந்தோனி அண்ணே, ஒங்க தாள்ல மேக்கணக்குத் தண்ணி சுத்தம்னு இருக்காமே. என் புத்தகத்தைப் பாருங்க. வயித்தோட்டம், காய்ச்சல், மஞ்சக்காமாலை. போன மழையிலேர்ந்து நிக்கவேயில்ல. ரெண்டுல எது பொய் சொல்லுது?"

"என் தாள் பொய் சொல்லாது" என்றேன்.

"அப்ப நான் பொய்யா எழுதுறேன்?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் எழுந்ததும் சந்தேகம் வேலையைத் தொடங்கியது. யார் மேல்? தொரை மேல்தான். நான் வருவது முன்கூட்டியே தெரிந்து மருந்து அடிப்பதை நிறுத்துகிறார்களா? பீலிக்கு மேலே குளோரின் கொட்டுகிறார்களா? ஆய்வுகூடத்தில் போத்தல் மாறுகிறதா? மருந்து அடிக்கும் பதிவேட்டைக் கேட்டு வாங்கி நாள் நாளாகப் பார்த்தேன். என் சுற்றுக்கு முந்திய வாரத்திலும் அடித்திருந்தார்கள். பழைய போத்தல்களை முகர்ந்தேன், ஒரு வாசமும் இல்லை. ஆய்வுகூடத்துப் பையன்களை அதட்டினேன், அவர்கள் என்னை விசர் பிடித்தவன் மாதிரிப் பார்த்தார்கள். இவ்வளவையும் தேடிய நான், என் போத்தல் எங்கே நிரம்பியது என்பதை மட்டும் தேடவில்லை. அதுதான் சிவப்பில் இருக்கிறதே.

ஒரு புதன்கிழமை, யாருக்கும் சொல்லாமல் போனேன். எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரம். பனி விலகவில்லை. லயத்து நாய் ஒன்று என்னைப் பார்த்துக் குரைத்துவிட்டு அலுத்துப் போய்ப் படுத்துக்கொண்டது. நேராகப் பீலிக்கு இறங்கினேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்து சறுக்கித்தான் போனேன். இறங்கி நின்று மேலே பார்த்தால், பீலிக்கு நேர்மேலே சரிவில் லயத்துக் கழிப்பறைக் குழிகள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. போத்தலில் பிடித்தேன், ஆனால் அது என்னவென்று சொல்ல எனக்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. மூக்கே போதும்.

அப்படியே மேலே ஏறி வந்து செல்வராணி வீட்டு வாசலில் நின்றேன். பகல் சாப்பாட்டுக்குக் கொழுந்துக் கூடையோடு வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டார்.

"என்னங்க சேர், சொல்லாமக் கொள்ளாம? இருங்க, நாற்காலி எடுத்தாறேன்."

"நாற்காலி வேணாம்மா. இந்தத் தண்ணியத்தான் எனக்குக் குடுத்தீங்களா?" என்று போத்தலை நீட்டினேன்.

அவர் போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அய்யய்யே, இதையாங்க குடுப்போம்? வந்த ஆளுக்கு யாராச்சும் இதக் குடுப்பாங்களா? ஒங்களுக்கு மேல ஊத்துலேர்ந்தில்ல கொண்டாந்தேன்."

"எந்த ஊத்து?"

கோயிலுக்கும் மேலே, காட்டு எல்லையில், பாறை இடுக்கில் ஓர் ஊற்று. கைவிரல் தடிமனில்தான் கசியும். ஒரு குடம் நிரம்பக் காத்திருக்க வேண்டும். திருவிழாக் கரகத்துக்கு அங்கே எடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு எடுப்பார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தேத்தண்ணிக்கு எடுப்பார்கள். அன்றாடம் குடிக்க அது காணாது, ஆறு லயத்துக்கும் பீலிதான். முதல் சுற்றிலேயே நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் தேத்தண்ணிக்காக யாரோ அங்கே ஏறியிருக்கிறார்கள். என் போத்தலுக்காகச் செல்வராணி இரண்டாம் தடவை ஏறியிருக்கிறார். மூச்சு வாங்க வந்தாரே, அது பள்ளத்திலிருந்து ஏறி வந்த மூச்சில்லை.

"பீலித் தண்ணிதானேம்மா நான் கேட்டேன்?"

"கேட்டீங்க தான். ஆனா சேர், நீங்க அதப் பெரியாளுங்ககிட்ட கொண்டு போயிக் காட்டுவீங்கன்னு சொன்னீங்களே. அழுக்குத் தண்ணியக் குடுத்து அனுப்புனா மேக்கணக்குக்காரங்களப் பத்தி என்ன நெனப்பாங்க? மானம் போயிராதா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இவர் மேல் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் காம்பராவுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மகள் சங்கீதா படுத்திருந்தாள். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரி என்று மூன்று சுற்றிலும் என்னிடம் கொப்பியைக் கொண்டுவந்து காட்டியவள். கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன.

"பத்து நாளாச்சுங்க. பரீட்சைக்கு இன்னும் மூணு கெழமதான் இருக்கு. அதுக்குள்ள எந்திரிச்சிருவாளான்னு தெரியல." என் கையிலிருந்த போத்தலைக் காட்டினார். "ஏங்க சேர், தண்ணியாலயா வருது?"

"ஆமாம்மா" என்றேன்.

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கொதிக்க வைத்துக் குடியுங்கள், எல்லா லயத்துக்கும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்று பின்னேரம் புவனேஸ்வரி மிஸ் முன்னால் நின்றேன். அடுத்த கிழமை பெரியவர்கள் கூட்டத்தில் பிரதேசப் படத்தை வைக்க அவர் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். மேசை முழுக்கத் தாள். நான் நடந்ததைச் சொன்னேன். மூன்று சுற்று, மூன்று சிவப்பு.

அவர் அடிமட்டத்தை மேசையில் வைத்தார்.

"மூன்று முறையும் நீர் பீலிக்குப் போகேல்லையோ?"

"போகலைங்க மிஸ்."

"எங்க இருந்தனீர்?"

"நாற்காலியில இருந்தேன். தேத்தண்ணி குடிச்சேன்."

மிஸ் சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தார், ஊற்றாமலே மூடினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப சொன்னதை அப்படியே எழுதித் தாரும். அழகாக்க வேண்டாம். உம்மட சிவப்பை நான் வாசிக்காமலே நம்பினன், அதுவும் ஒரு பிழைதான். கீழ நானும் கையெழுத்து வைக்கிறன்."

எழுதினேன். அவரும் கையெழுத்து வைத்தார். பட்டியலில் மேற்கணக்கைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் போனது. பட்டியல் முடிந்துவிட்டது, இடமில்லை, அடுத்த தடவை பார்ப்போம் என்று பதில் வந்தது. மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. அந்தப் பதிலின் மேல் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு, ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் நகக்குறி எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு என்னைப் பற்றி மற்றவர்கள் சந்தேகப்படும் காலம் வந்தது. மேற்கணக்கின் எண் விழுந்தது, பச்சைப் பலகையைக் கழற்றினார்கள். வேறொரு தோட்டத்துக்காரர்கள் அந்தோனியைக் கையில் போட்டுக்கொண்டார்கள் என்றார் தொரை. தொழிற்சங்கத்துக்காகச் செய்கிறான் என்றார் இன்னொருவர். மேற்கணக்கிலேயே சிலர், முதலாம் இடத்தைப் பறித்துவிட்டுப் போன மனுசன் என்று என்னோடு பேசுவதை விட்டார்கள். பொய்யை எழுதிய மூன்று வருடம் கைகுலுக்கினார்கள். உண்மையை எழுதிய பிறகு ஒருவரும் கை நீட்டவில்லை. கோபம் வந்தது என்றால் ஆமாம், வந்தது. எதிர்த்துப் பேச எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

மிஸ் என்னை வேலையிலிருந்து தூக்கவில்லை. அதைவிடக் கடினமான ஒன்றைச் செய்தார். நான் அதுவரை சிவப்பில் எழுதிய ஒவ்வொரு தண்ணீர்க் கட்டத்தையும் மறுபடி எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு பீலியிலும் ஓடையிலும் கிணற்றிலும், கால் நனைய நின்று, என் கையால். பட்டிப்பொலயிலிருந்து டயகம வரை ஒரு மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை. அட்டை கடித்த தழும்பு இன்னும் காலில் இருக்கிறது. முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன இடமெல்லாம், "நீங்க ஏங்க எறங்குறீங்க, நாங்க கொண்டாறோம்" என்று கை நீட்டினார்கள். போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னும் நாலைந்து டிவிசன்களில் எண் மாறியது. அங்கேயும் எனக்கு விருந்தாளித் தண்ணீர்தான் கிடைத்திருந்தது. எந்தத் தொரையும் ஏமாற்றவில்லை, எந்தக் கண்டாக்கும் ஏமாற்றவில்லை. தங்களிடம் இருப்பதில் நல்லதை எடுத்துக் கொடுத்த சனங்கள், அதனாலேயே நல்ல தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள்.

அடுத்த பட்டியலில் மேற்கணக்கு வந்தது. தாங்கி கட்டி முடிய மேலும் ஒரு வருடம் போனது. திறந்த அன்று எனக்கு அழைப்பில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய கடைசிச் சுற்றில்தான் அங்கே போனேன். லயத்து முன்னால் குழாய். செல்வராணி குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போத்தலைத் திறந்து, என் கையால் பிடித்து, மூடி, எழுதிக்கொண்டேன். அதன் பிறகுதான் மகளைப் பற்றிக் கேட்டேன். வழியெல்லாம் கேட்கப் பயந்துகொண்டே வந்திருந்தேன்.

"சங்கீதா கொழும்புல சேர். துணிக்கடையில நிக்கிறா. அந்த வருசம் பரீட்சை எழுத முடியல. அடுத்த வருசம் எழுதுன்னு சொன்னேன். அதுக்குள்ள அவ அப்பாவுக்கு முடியாமப் போயி, நான்தான் வேலைக்குப் போறேன்னு கெளம்பிட்டா." குடம் நிரம்பி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. "எல்லாம் என்னாலதாங்க. அன்னைக்கே நான் கீழ எறங்கி அள்ளியிருந்தா, இந்தக் கொழா எப்பவோ வந்திருக்கும். எம் புள்ளைக்கு நானே பண்ணுன தப்பு. தெனமும் நெனப்பேன்."

தினமும். இத்தனை வருடமாக இந்தப் பழியை அவர் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேனே தவிர, இவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இல்லம்மா" என்றேன். "அந்தப் போத்தல நீங்க நெரப்பவே கூடாது. நான்தான் எறங்கிப் போயி நெரப்பணும். அதுதான் சட்டம். உங்ககிட்ட குடுத்துட்டு, நானே போனதா எழுதிக்கிட்டேன். மூணு வருசமும்."

குழாயை மூடினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"அப்ப ஏங்க சேர் எங்கிட்ட குடுத்தீங்க?"

"முழங்கால் வலிச்சுச்சும்மா" என்றேன்.

அது உண்மை. அதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. செல்வராணி குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு காம்பராவுக்குள் போய்விட்டார்.